மிக்ஸியில் அரைத்தால் இட்லி கல் மாதிரி வருகிறதே, ஆட்டுக்கல்லுக்கே திரும்பணுமா?

இரண்டு பேர் உள்ள வீடு, கையில் மிக்ஸி மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆட்டுக்கல் வேண்டாம். தப்பு உங்கள் கைப்பக்குவத்திலும் இல்லை.

மிக்ஸி வெட்டும், கல் நசுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். மிக்ஸி பிளேடு சுமையில்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று ஓடும். உளுந்து துண்டாகும், கூடவே சூடேறும். கல் மெதுவாக நசுக்கி இழுக்கும்போதுதான் உளுந்தின் கொழகொழப்பு முழுசாக வெளியே வந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். புளிக்கும்போது வருகிற வாயுவையும் அதுதான் தாங்குகிறது. அது போதவில்லை என்றால் மாவு புளிக்கும், பொங்காது.

1955-ல் கோவையில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கியபோது இந்த நசுக்கலை மாற்றவே இல்லை. ஆட்டுக்கல்லில் அடிக்கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டு அடிக்கல்லைச் சுற்ற விட்டார்கள். ஓரத்தில் ஒதுங்குகிற மாவைத் தள்ளிவிட்ட கைக்குப் பதில் ஒரு தடுப்பு. மிச்சமெல்லாம் பழைய கல்தான்.

சரி, மிக்ஸிக்கு வருவோம். 4 டம்ளர் இட்லி அரிசிக்குக் கிரைண்டரில் 1 டம்ளர் உளுந்து போதும். மிக்ஸியில் ஒன்றேகால் போடுங்கள். அரிசி 4 மணி நேரம், உளுந்து 1 மணி நேரம் ஊறட்டும். உளுந்தைக் கழுவிவிட்டு ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கீழே ஊற்றாமல் ஃபிரிட்ஜில் குளிர வைத்து அதையே விட்டு அரையுங்கள். புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடு வருபவைதான். ஜாரில் பாதிக்கு மேல் போடக்கூடாது. 30 விநாடி ஓட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, தண்ணீர் தெளித்து மறுபடி. ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் நிறுத்தி வையுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கணும். அரிசியை ரவைப் பதத்தில் எடுத்து, உப்பு போட்டு, கையால் கலக்குங்கள்.

"கிரைண்டர் மாவிலும் ருசி இல்லை, கையால் ஆட்டினால்தான்" என்று கீழே யாராவது வந்து எழுதுவார்கள். எழுதட்டும். ஆட்டுக்கல் புகழ் பாடுகிற ஆண்களில் எத்தனை பேர் குழவியைப் பிடித்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? தேய்ந்த கல்லைக் கொத்தி வைக்கணும் என்பதாவது தெரியுமா? கல் வழவழப்பாகிவிட்டால் ஆட்டுக்கல்லும் அரைக்காது, வழுக்கும்.

பின்னாளில் கிரைண்டர் வாங்கினால் ஒன்று மட்டும். டிரம்மை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். உளுந்து உப்பி வருவதால் முக்கால் அளவோடு நிறுத்துங்கள். கல்லை ஓடவிட்டுத்தான் உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். நடுவில் கரண்ட் போய் வந்து, டிரம் சுற்றாமல் "ம்ம்ம்" என்று முனகினால் உடனே சுவிட்சை அணையுங்கள், அப்படியே விட்டால் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச்சுருள் (காயில்) கருகும். பாதி மாவை வெளியே எடுத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். காலி டிரம்மும் முனகினால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். மோட்டார் ஓடியும் டிரம் நின்றால் பெல்ட்டைப் பாருங்கள்.