கேள்வி – பதில்: புதிய பதிப்பை வெளியிடுமுன்

மூலநிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளை எழுதுவதைவிட அதன் அடுத்த பதிப்பை வெளியிடுவது கடினம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குச் சேலம் மாவட்டத்திலிருந்து மட்டும் ஏழு கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தமிழ்ச் சொற்களில் உள்ள எழுத்துகளை எண்ணித் தரும் சிறிய பைதான் மொழிப் பேக்கேஜ் (பிறர் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பு) ஒன்றை எழுதி, பைதான் பேக்கேஜ்களைப் பகிரும் பைபிஐ தளத்தில் 1.4.2 பதிப்பு வரை வெளியிட்டிருக்கிறேன். ‘க்ஷ’ என்பதை அது இதுவரை க், ஷ என்று இரண்டாக எண்ணிவந்தது. இப்போது ஒரே எழுத்தாக எண்ணும்படி மாற்றிவிட்டேன். இது பிழைத்திருத்தம்தானே, 1.4.3 என்று வெளியிடலாமா?
– கல்லூரி மாணவி, ஐந்து ரோடு, சேலம்

பதில்: வெளியிடக் கூடாது என்பதே என் கருத்து. பதிப்பு எண்ணை நீங்கள் பட்ட பாட்டின் அளவை வைத்து முடிவுசெய்யாமல், அதை ஏற்றிக்கொள்பவருக்கு என்ன நேரும் என்பதை வைத்து முடிவுசெய்ய வேண்டும். டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிய ‘செமான்டிக் வெர்ஷனிங்’ என்னும் நெறிமுறையைத்தான் இன்று பெரும்பாலான பேக்கேஜ்கள் பின்பற்றுகின்றன அல்லது பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்கின்றன. அதன்படி மூன்றாம் எண் ஏறினால் பிழை மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது. நடு எண் ஏறினால் புதிய வசதி சேர்ந்திருக்கிறது, ஆனால் பழையது எதுவும் மாறவில்லை. முதல் எண் ஏறினால் பழைய நிரல் உடையக்கூடும், குறிப்பைப் படித்துவிட்டே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

உங்கள் பேக்கேஜ் ‘ஏற்காடு’ என்ற சொல்லுக்கு நான்கு எழுத்து என்று சொல்ல வேண்டிய இடத்தில், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு குறிகளை அப்படியே எண்ணி ஏழு என்று சொல்லியிருந்தால், அது யாருக்கும் ஐயமில்லாத பிழை, 1.4.3 போதும். ‘க்ஷ’ அப்படிப்பட்டதன்று. அதை ஓரெழுத்தாகக் கொள்வோரும் உண்டு, இரண்டாகக் கொள்வோரும் உண்டு. நீங்கள் இதுநாள்வரை இரண்டு என்று சொல்லிவந்திருக்கிறீர்கள். உங்கள் பேக்கேஜை வைத்துக் குறுக்கெழுத்துப் புதிர் செய்யும் ஒருவர் ‘லக்ஷ்மி’ என்ற விடைக்கு நான்கு கட்டம் ஒதுக்கியிருப்பார். 1.4.3 என்பதைப் பார்த்து, சின்னத் திருத்தம்தானே என்று அவர் ஏற்றிக்கொண்ட மறுநாள் காலையில் அதே விடைக்கு மூன்று கட்டம்தான் வரும். குறுக்கே ஓடும் மற்ற சொற்களெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போய்விடும். உங்கள் நிரலில் பிழையே இல்லை என்பது அவருக்கு ஆறுதலாகாது.

ஆகவே முதலில் 1.5.0 வெளியிடுங்கள். அதில் ‘க்ஷ’வை ஒன்றாக எண்ண விரும்புவோருக்கு ஒரு தெரிவைக் கொடுத்து, சொல்லாமல் விட்டால் பழையபடியே எண்ணட்டும். அடுத்த பெரிய பதிப்பில் இது மாறப்போகிறது என்னும் எச்சரிக்கையையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பைதானின் ‘டெப்ரிகேஷன்வார்னிங்’ என்னும் எச்சரிக்கை வகை பெரும்பாலான இடங்களில் இயல்பாகவே மறைந்திருக்கும் என்பதால், கடைசிப் பயனர் கண்ணில் படவேண்டுமானால் ‘ஃப்யூச்சர்வார்னிங்’ வகையைப் பயன்படுத்துவது நல்லது. சில மாதங்கள் கழித்து 2.0.0 வெளியிடும்போது புதிய வழக்கத்தை இயல்பாக்கிக்கொள்ளலாம். இவ்வளவு பொறுமை எதற்கு என்று தோன்றினால் பைதானின் வரலாற்றையே பாருங்கள். பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் வரிசைக்கான ஆதரவை முடித்துக்கொள்ள 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: பதிப்பை வெளியிட்ட பத்தாவது நிமிடத்தில், அதில் ஒரு தரவுக் கோப்பு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். அழித்துவிட்டு அதே எண்ணில் மீண்டும் ஏற்ற முயன்றால் தளம் மறுக்கிறது. பத்து நிமிடத்தில் யார் இறக்கியிருக்கப் போகிறார்கள்?
– மென்பொருள் ஊழியர், அஸ்தம்பட்டி

பதில்: மனிதர்கள் இறக்கியிருக்க மாட்டார்கள், இயந்திரங்கள் இறக்கியிருக்கும். பைபிஐ தளத்தில் ஒரு கோப்புப் பெயர் ஒருமுறை பயன்பட்டுவிட்டால், அழித்த பின்னும் அந்தப் பெயரில் வேறொன்றை ஏற்ற முடியாது. இது பிடிவாதம்போலத் தோன்றினாலும் காரணம் உண்டு. பலர் தங்கள் திட்டத்தில் எண்ணை மட்டுமல்லாமல், அந்தக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் எழுதிவைத்திருப்பார்கள். அதே எண்ணில் உள்ளடக்கம் மாறினால், அவர்களுடைய கணினி அதைத் திருட்டுச் சரக்காகவே கருதி நிறுவ மறுக்கும். ஹேஷ் எழுதிவைக்காதவர்களின் நிலை இன்னும் மோசம், ஏனெனில் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு இருவர் இரு வேறு நிரல்களை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஓர் எண் தவறான சரக்கோடு வெளியே போய்விட்டால் அந்த எண்ணையே கைவிடுவதுதான் முறை. டெபியன் லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு 1.0 என்று ஒரு பதிப்பே கிடையாது. சிடி விற்கும் நிறுவனம் ஒன்று, வளர்ச்சி நிலையில் இருந்த தொகுப்பை எடுத்து 1.0 என்று பெயரிட்டு விற்றுவிட்டது. குழப்பம் வேண்டாம் என்று டெபியன் குழு அந்த எண்ணைத் தாண்டி, 1996 ஜூனில் 1.1 என்றே வெளியிட்டது. நீங்களும் விடுபட்ட கோப்பைச் சேர்த்து அடுத்த எண்ணில் வெளியிடுங்கள். குறையுள்ள பதிப்பை அழிக்க வேண்டாம். தளத்திலேயே ‘யாங்க்’ என்றொரு வசதி இருக்கிறது. அப்படி விலக்கிவைத்த பதிப்பைப் புதிதாக நிறுவுவோருக்கு, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் தேர்ந்தெடுக்காது. அதே எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்பவருக்கு மட்டும் கொடுக்கும்.

இந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பேக்கேஜில் எழுத்து மாற்ற அட்டவணை ஒரு தனிக் கோப்பாக இருந்தது. சோதனைகள் அனைத்தும் பச்சை காட்டின. இரவு பதினொன்றரைக்கு வெளியிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் நிறுவிய எவருக்கும் அது இயங்கவில்லை. சோதனைகளை மூலநிரல் இருந்த கோப்புறைக்குள் நின்றுகொண்டே ஓட்டியிருந்தேன். ஆகவே பைதான், நிறுவப்பட்ட பேக்கேஜைத் தொடாமல், பக்கத்திலேயே இருந்த மூலநிரலையும் அட்டவணையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் சோதித்தது ஒன்று, அனுப்பியது வேறொன்று. அன்றுமுதல் பேக்கேஜைக் கட்டியதும், சம்பந்தமே இல்லாத ஒரு வெற்றுக் கோப்புறைக்குப் போய், மற்றவற்றிலிருந்து பிரிந்த புதிய மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி, கட்டிய கோப்பை அங்கே நிறுவி, ‘சேலம்’ என்ற சொல்லைக் கொடுத்து மூன்று என்று விடை வருகிறதா என்று பார்த்த பிறகே வெளியிடுகிறேன். இரண்டு நிமிட வேலைதான். உண்மையான தளத்துக்குப் போகுமுன் டெஸ்ட் பைபிஐ தளத்தில் ஒத்திகை பார்ப்பதும் நன்று. அங்கே எண்கள் வீணானால் யாருக்கும் நட்டமில்லை.

கேள்வி: ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் பதிப்பு வெளியிடுவதா, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை பெரிதாக வெளியிடுவதா? மழைக்காலத்தில் இங்கே இணையம் அடிக்கடி போய்விடுவதால் கேட்கிறேன்.
– காப்பித் தோட்டக் கணக்கர், ஏற்காடு

பதில்: விடை உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. அராபிகா ஒரே நாளில் பழுப்பதில்லை. சிவந்ததைப் பறித்துக்கொண்டு, காயை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்கிறீர்கள். ஒரே பறிப்பில் முடிக்க வேண்டும் என்று கிளையை உருவினால், காயும் பழமும் கலந்து மொத்தச் சரக்கின் விலையும் இறங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வெளியிடும் பழக்கம் இந்த உருவலைத்தான் தூண்டுகிறது. இந்தப் பதிப்பைத் தவறவிட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டுமே என்னும் பதற்றத்தில், முடியாத வேலைகளையெல்லாம் கடைசி வாரத்தில் உள்ளே திணிக்கிறார்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் வெளியீட்டுச் சுற்று ஏறக்குறைய ஒன்பது, பத்து வாரம். முதல் இரண்டு வாரம் மட்டுமே புதிய வசதிகளை ஏற்றுக்கொள்கிறார்கள். பிறகு கதவை அடைத்துவிட்டு வாரம் ஒரு முன்பதிப்பாக ஆர்சி1, ஆர்சி2 என்று ஆர்சி7 அளவுக்குப் போகும்வரை பிழைகளை மட்டுமே திருத்துகிறார்கள். தாமதமாக வந்த வசதி எவ்வளவு நல்லதானாலும் அடுத்த சுற்றுக்குத்தான். ரஸ்ட் மொழி ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெளிவருகிறது. உபுண்டு இயங்குதளம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவருவதோடு, ஆண்டையும் மாதத்தையுமே எண்ணாக வைத்துக்கொள்கிறது; 2004 அக்டோபரில் வந்த அதன் முதற்பதிப்பின் எண் 4.10. உங்களைப் போன்ற தனி மனிதர் இவ்வளவு கண்டிப்பாக இருக்க இயலாது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, பாதுகாப்புக் குறையை மட்டும் காலம் பார்க்காமல் உடனே வெளியிட்டால் போதும். இணையத்தைப் பொறுத்தவரை, கட்டுவதையும் சோதிப்பதையும் இணையம் இல்லாமலே செய்துவிடலாம்; ஏற்றும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் அது வேண்டும்.

கேள்வி: என் தமிழ்ச் சொல் பிரிக்கும் கருவிக்கு மாற்றக் குறிப்பு எழுதுவது எனக்கு எப்போதும் சலிப்பாக இருக்கிறது. நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் கருவியின் பதிவுகளை அப்படியே ஒட்டிவிட்டால் என்ன? எழுதுவதானால் தமிழிலா, ஆங்கிலத்திலா?
– ஆசிரியர், மேட்டூர்

பதில்: கிட் பதிவு நீங்கள் உங்களுக்காக எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. அதில் ‘மறுபடியும் சரிசெய்தேன்’, ‘தற்காலிகம்’, ‘இப்போதாவது ஓடட்டும்’ என்றெல்லாம் இருக்கும், இருப்பதில் தவறுமில்லை. அதை ஊராரிடம் படிக்கக் கொடுப்பதுதான் தவறு. ‘பல பிழைகள் திருத்தப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது’ என்னும் வரியும் பயனற்றது, அதைப் படித்துவிட்டு எவரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. அதற்குப் பதிலாக, ‘ொ, ோ, ௌ ஆகிய உயிர்க்குறிகள் இரண்டு யூனிகோடு குறிகளாகப் பிரித்துச் சேமிக்கப்பட்டிருந்தால், தேடலில் அந்தச் சொற்கள் அகப்படாமல் இருந்தன, இப்போது அகப்படும். நீங்களே முன்கூட்டி அவற்றை ஒரே வடிவுக்கு மாற்றும் இயல்பாக்கம் செய்துவந்திருந்தால் அந்த வரியை நீக்கிவிடலாம்’ என்று எழுதிப் பாருங்கள். என்ன நடந்துவந்தது, இனி என்ன நடக்கும், படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்னும் மூன்றும் அதில் வந்துவிட்டன.

வெளியிடும் நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவதால்தான் சலிப்பு வருகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்க்கும்போதே ‘வெளியிடப்படாதவை’ என்ற தலைப்பின்கீழ் ஒரு வரி எழுதிவைத்துவிட்டால், வெளியிடும் நாளில் அத்தலைப்பை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றுவது ஒன்றே மிச்சம். மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழ்ச் சொல் பிரிக்கும் கருவியைத் தமிழர்தாம் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். தமிழில் முதலில் எழுதுங்கள், கீழே ஆங்கிலத்தில் சுருக்கமாகக் கொடுங்கள்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒருவர் என் பேக்கேஜுக்கு ஓராண்டாக நல்ல திருத்தங்களை அனுப்பிவருகிறார். வெளியிடும் உரிமையையும் தரும்படி இப்போது கேட்கிறார். தரலாமா?
– ஓமலூர் வாசகர்

பதில்: 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியில் நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு முடிவுசெய்யுங்கள். அங்கும் ஒருவர் சில ஆண்டுகள் உதவி செய்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியிடும் இடத்துக்கு வந்தார். 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளில், இரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைக்கப்பட்டது. அதை இயக்கிவைக்கும் துணுக்கு எவரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டிய டார் தொகுப்புக் கோப்பில் மட்டுமே இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவியதால்தான் அது வெளிப்பட்டது.

இதற்காக உதவ வருபவரையெல்லாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. திருத்தங்களைச் சேர்க்கும் உரிமையைக் கொடுங்கள். வெளியிடும் திறவுகோலை எவர் கையிலும், உங்கள் கையிலும்கூட, வைக்காதீர்கள். களஞ்சியத்தில் பதிப்பு எண்ணைக் குறிக்கும் டேக் இட்டதும் தானியங்கி ஒன்றே அங்கிருக்கும் மூலத்திலிருந்து கட்டி, நேரே பைபிஐக்கு அனுப்பும்படி 2023 முதல் ‘டிரஸ்டட் பப்ளிஷிங்’ என்னும் வசதி இருக்கிறது. இன்னொருவர் ஒப்புதல் இருந்தால் மட்டுமே அது ஓடும்படியும் அமைக்கலாம். அப்போது களஞ்சியத்தில் இல்லாத ஒன்றைக் கைவழியாகக் கோப்புக்குள் நுழைப்பது கடினமாகிவிடும்.

கேள்வி: 1.9-க்கு அடுத்தது 2.0 தானே?
– ஆத்தூர் வாசகர்

பதில்: இல்லை, 1.10. அங்குள்ளது தசமப் புள்ளியன்று, இரண்டு முழு எண்களைப் பிரிக்கும் புள்ளி. கணினி அறிஞர் டொனால்ட் கனூத்தின் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் உண்மையிலேயே தசமமாகச் செல்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை மதிப்பின் ஓர் இலக்கம் கூடி, 2021-இல் 3.141592653 ஆயிற்று. அதைப் பின்பற்ற நினைப்பவர் முதலில் கனூத்தைப் போல் பிழையில்லாமல் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் முதல் 1.0.0 பதிப்பை வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வெளியிடச் சொல்கிறார் அம்மா. வெள்ளிக்கிழமையில் வெளியிடவே கூடாது என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: நண்பர்களின் அச்சம் கிழமையைப் பற்றியதன்று, அதற்கடுத்து வரும் இரண்டு விடுமுறை நாள்களைப் பற்றியது. ஏற்றிக்கொண்டவருக்குப் பிழை தென்படும் முதல் சில மணி நேரத்தில் நீங்கள் கணினியருகே இருக்க வேண்டும் என்பதே அவர்கள் சொல்ல வருவது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்குகிறது. அதற்கு முன்பே, ஒன்பதரை மணிக்கு வெளியிட்டுவிட்டால் அம்மாவுக்கும் நிறைவு, உங்களுக்கும் மாலைவரை பகல் முழுவதும் கையில் இருக்கும். மாலை ஐந்தரைக்கு வெளியிட்டுவிட்டு ஏற்காடு பஸ் மட்டும் ஏறிவிடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதில் சிக்னல் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது.