கந்தோரில் எல்லாருக்கும் கைப்பட்டி வாங்கிக் கொடுத்தால் நடப்பார்களா?

கேள்வி இதுதான்: திருகோணமலையில் 40 பேரளவில் வேலை செய்யும் கந்தோர். பாதிக்கு மேல் மேசை வேலை, சிலருக்குச் சீனி, சிலருக்குப் பிரஷர். நலன்புரிச் சங்கக் காசில், கையில் கட்டினால் நடக்கும் காலடிகளை எண்ணும் ஸ்மார்ட் பட்டி ஆளுக்கொன்று வாங்கி, மாதம் கூட நடந்தவருக்குப் பரிசும் வைக்கலாம் என்று யோசனை. பலன் இருக்குமா?

பட்டியை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் மேசை லாச்சிக்குள்தான் போய்ச் சேரும். பட்டியோடு கிழமைக்கு ஒருக்கால் ஐந்து நிமிடம் கதைக்க ஒரு ஆளும் இருந்தால் பலன் உண்டு. ஆகவே 40 பட்டி வாங்க வேண்டாம். பத்து வாங்குங்கள். விரும்பி வரும் பத்துப் பேருக்கு 12 கிழமை, பிறகு அதே பட்டிகள் அடுத்த பத்துப் பேருக்கு. மிஞ்சும் காசைக் கதைக்கிற ஆளுக்குப் பயிற்சி கொடுக்கவும் நல்ல பிரஷர் கருவி ஒன்று வாங்கவும் செலவழிக்கலாம். போனே அடி எண்ணும்தானே என்று சிலர் கேட்பார்கள். சட்டைப் பையில் போனை வைத்து நடப்பவருக்கு அது போதும். சாறி உடுத்து வருபவரின் போன் நாள் முழுக்க மேசையில் அல்லது கைப்பையில் கிடக்கும். பட்டியை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள்.

முதல் கிழமை இலக்கு எதுவும் சொல்லக்கூடாது. வழமைபோல இருக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் கணக்கைத் தள்ளிவிடுங்கள், புதுச்சாமான் கையில் ஏறினால் யாரும் கொஞ்சம் கூடத்தான் நடப்பார்கள். அடுத்த ஐந்து நாளின் எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள், சராசரி வேண்டாம். ஒருவரின் ஐந்து நாள் 3,400, 4,100, 2,900, 9,800, 3,600 என்று வையுங்கள். அந்த 9,800 கோயில் திருவிழாவுக்குப் போன நாள். சராசரி எடுத்தால் 4,760 வரும், அவர் சாதாரண நாளில் அதைத் தொடுவதே இல்லை. நடு எண் 3,600. அதுதான் அவருடைய தொடக்கம். பட்டியைப் பத்து மணித்தியாலமாவது கட்டியிராத நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அங்கிருந்து இரண்டு கிழமைக்கு ஒருக்கால் 700 அடி கூட்டுங்கள். ஏழு நாளில் ஐந்து நாள் இலக்கைத் தொட்டால்தான் அடுத்த படி, தொடாவிட்டால் அதே எண்ணில் இன்னும் ஒரு கிழமை. தடங்கல் இல்லாமல் போனால் ஐந்து படியில் 3,600இல் தொடங்கியவர் 7,100க்கு வந்துவிடுவார். போதுமா? போதும். பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் கணக்குப் பார்த்துச் சொன்ன எண் இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு வைத்த 'மன்போ-கெய்' என்ற பெயரின் பொருள்தான் அது. பிந்திய காலத்தில் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வந்த பகுப்பாய்வில், இறப்பு அபாயம் குறைவது 60 வயதுக்கு மேல் 6,000 முதல் 8,000 அடியோடும், அதற்குக் கீழே 8,000 முதல் 10,000 அடியோடும் தட்டையாகிவிடுகிறது. 3,000இல் இருப்பவர் 5,000க்கு வருவதுதான் பெரிய இலாபம்.

700 அடி என்றால் ஏழு நிமிடம். நிமிடத்துக்கு 100 அடி வைத்தால் ஓரளவு வேகநடை: கதைக்க முடியும், பாட முடியாது. இதை நாளில் எந்த இடத்தில் செருகுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால் நடக்காது. மிகச் சுகமான இடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவதும் குறையும். வெயிலுக்குள் போகத் தேவையில்லை. கந்தோர் விறாந்தையை ஒருக்கால் நாடாவால் அளந்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். 30 மீற்றர் விறாந்தை என்றால் போய்த் திரும்ப 60 மீற்றர், சாதாரண ஆளுக்கு 85 அடியளவு. பத்துச் சுற்றுப் போட்டால் 850.

வெளி நடைக்குத் திருகோணமலையில் இடம் தாராளம், நேரம்தான் பிரச்சினை. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும்போது பின்னேரம் நாலரைக்கும் தார் வீதி அனல் கக்கும். அந்த மாதங்களில் காலை 7 மணிக்கு முன் அல்லது பின்னேரம் ஐந்தரைக்குப் பின். கடற்கரையில் காய்ந்த மணலில் நடந்தால் அடி எண்ணிக்கை குறைவாகக் காட்டும், உழைப்போ கூட. எண் குறைகிறதே என்று யோசிக்க வேண்டாம், ஈர மணல் ஓரமாகவே நடக்கலாம். ஆனால் ஒரே பக்கம் சரிந்த கரையில் அரை மணித்தியாலம் நடந்தால் முழங்கால் முறையிடும், போன வழியே திரும்பி வரவேண்டும். பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரையான ஏற்றமும் அப்படித்தான்: சாதாரண பட்டி ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காது, நெஞ்சு எடுக்கும். முதல் மாதத்தில் அதை விடுங்கள். ஒக்டோபர் தொடங்கி மாரி மழை, மார்கழியில் ஆறு மணிக்குள் இருட்டு, தெருநாய் வேறு. அந்தக் காலத்தில் விறாந்தைதான் கதி. பெண்களுக்கு வருடம் முழுக்கவே பின்னேர நடை கடினம். வேலை முடிந்து போனால் வீட்டில் அடுப்பு காத்திருக்கும். ஆகவே கந்தோர் நேரத்துக்குள் 15 நிமிடத்தை நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தத் திட்டம் ஆண்களின் திட்டமாகத்தான் முடியும்.

இனிக் கதைக்கிற ஆள், அதாவது கோச். கோச் என்றவுடன் விசிலோடு ஒருவரை நினைக்க வேண்டாம். பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒரு உத்தியோகத்தர் போதும். மேலதிகாரி மட்டும் கூடாது, அவர் கேட்டால் வருவது உண்மை இல்லை, சாட்டு. ஒருவருக்கு எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். முதல் சந்திப்பு 20 நிமிடம், பிறகு கிழமைக்கு ஒருக்கால் ஐந்து முதல் ஏழு நிமிடம் போனில். "ஏன் நடக்கேல்லை?" என்ற கேள்வியை அறவே விடவேண்டும். நல்லாய் நடந்த நாளைப் பிடித்துக் கேட்கவேண்டும். இப்படி:

"அக்கா, போன கிழமை எந்த நாள் கூட நடந்திருக்கிறீங்க?"
"புதன். ஐயாயிரம் காட்டுது."
"அண்டைக்கு என்ன விசேஷம்?"
"அவர் மோட்டார் சைக்கிளில இறக்கிவிடேல்லை. பஸ்ஸில வந்தன், ஸ்டாண்டில இருந்து நடந்தன்."
"இந்தக் கிழமை அப்படி எத்தனை நாள் வரேலும்?"
"மூண்டு நாள் ஏலும்."
"பத்துக்கு எத்தனை நிச்சயம்?"
"ஐஞ்சு."
"அப்ப ரெண்டு நாள் எண்டு வைப்பம். இப்ப எத்தனை?"
"எட்டு."

கடைசி இரண்டு கேள்வியும்தான் உயிர். பத்துக்கு ஏழுக்குக் கீழே சொன்னால் இலக்கைச் சுருக்குங்கள். ஆளை உந்த வேண்டாம். தீர்மானம் எப்போதும் 'இது முடிந்ததும் அது' என்ற வடிவில் இருக்கட்டும்: சாப்பாட்டுப் பெட்டி கழுவியதும் விறாந்தையில் ஐந்து சுற்று. 'நேரம் கிடைக்கும்போது' என்று எழுதியவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

பட்டி என்ன பிழை விடும் என்று முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் கிழமையே "இது பொய் காட்டுது" என்று கழற்றிவிடுவார்கள். அது கால்களை எண்ணுவதில்லை, கை வீச்சின் அசைவை வைத்துக் கணிக்கிறது. குடை பிடித்த கையில் கட்டியிருந்தால் நடை பாதிதான் பதியும், எனவே மற்றக் கையில் கட்டி, அப்பில் எந்தக் கை என்பதையும் மாற்றவேண்டும். தள்ளுவண்டி தள்ளினாலும் கனமான பை தூக்கினாலும் இதே குறை. மறுபக்கம், குண்டும் குழியுமான வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடினால் இல்லாத அடிகள் ஏறும். உடுப்புத் தோய்த்தாலும் ஏறும். இரண்டு மூன்று அடி வைத்து ஃபைல் எடுப்பதைப் பல பட்டிகள் கணக்கெடுக்காது, தொடர்ந்து கொஞ்சம் நடந்தால்தான் எண்ணத் தொடங்கும். கொடுக்கும் நாளிலேயே ஒவ்வொருவரும் வாயால் எண்ணி 100 அடி வைத்து மூன்று முறை பார்க்கட்டும். 95க்கும் 105க்கும் இடையில் நின்றால் நல்ல பட்டி. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிப் பிழைத்தால்கூடப் பரவாயில்லை, ஒப்பிடுவது அவரை அவரோடுதான்.

எண் போனுக்கு வராவிட்டால் பெரும்பாலும் பட்டியில் பழுதில்லை. போனின் பற்றரிச் சேமிப்பு அந்த அப்பைப் பின்னால் நிறுத்திவிடும். அதற்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள், புளூடூத்தையும் இட அனுமதியையும் பாருங்கள். கிழமைக்கு இரண்டு தரமாவது அப்பைத் திறக்கச் சொல்லுங்கள், பட்டிக்குள் பழைய கணக்கு நெடுநாள் நிற்காது. அப் ஒத்துவராதவருக்கு ஏழு கட்டம் போட்ட ஒரு துண்டு போதும். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காமல் சார்ஜ் போடக்கூடாது, உப்பு சார்ஜ் ஏறும் ஊசிகளைத் தின்றுவிடும். கையில் சிவந்து கடித்தால் அனேகமாக வியர்வையும் இறுக்கமும்தான் காரணம்: குளித்தபின் ஒரு மணித்தியாலம் கழற்றிவைத்து, பட்டையைக் கழுவிக் காயவிட்டு, ஒரு விரல் நுழையுமளவுக்குக் கட்டவேண்டும்.

பரிசுக்கு வருவோம். கூட நடந்தவருக்குப் பரிசு என்றால் ஒவ்வொரு மாதமும் அதே வெளிக்கள உத்தியோகத்தர்தான் எடுப்பார், அவர் பிறவியிலேயே 12,000 அடிக்காரர். மேசைக்காரர் இரண்டாம் மாதம் கைவிடுவார், கெட்டிக்காரர் பட்டியை மகன் கையில் கட்டி விளையாட அனுப்புவார். சிங்கப்பூரில் 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களை வைத்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், காசு கொடுத்த ஆறு மாதமும் நடை கூடியது. காசு நின்றதும் அது நிலைக்கவில்லை. வருடம் முடியப் பட்டி கட்டியிருந்தவர் பத்தில் ஒருவரளவுதான், உடல்நல அளவுகளிலும் முன்னேற்றமில்லை. போட்டி வைத்தே தீருவோம் என்றால் நாலு பேர் கொண்ட குழுக்களாக வையுங்கள். தன் இலக்கைத் தொட்ட நாளுக்கு ஒரு புள்ளி, இலக்குக்கு மேல் எவ்வளவு நடந்தாலும் அதே ஒரு புள்ளி. நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூரில் இருந்து வரும் ஊழியருக்கு இலக்கைக் கூட்டவே வேண்டாம், நடையை நோன்பு திறந்தபின் வைக்கட்டும். தராவீஹ் தொழுகையில் எவ்வளவு நேரம் நின்றாலும் பட்டி அதை அறியாது, அதைக் குறையாகவும் எழுதக்கூடாது.

சீனிக்கு இன்சுலின் அல்லது கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர் நடை கூட்டுமுன் தன் டொக்டரிடம் சொல்லவேண்டும், சீனி திடீரென்று இறங்கினால் வாயில் போடச் சட்டைப் பையில் இரண்டு ரொபியும் வேண்டும். கால் விறைப்பு இருந்தால் செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து. இரவில் பாதத்தை ஒருக்கால் பார்க்கவேண்டும். அட்டெனலோல், பிஸோபுரலோல் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு நடக்கும்போது இதயத்துடிப்பு மற்றவருக்குப் போல ஏறாது, பட்டி காட்டும் 'துடிப்பு வலயத்தை' அவர் துரத்தினால் ஆபத்து. அவருக்குக் கதைக்கலாம்-பாடமுடியாது அளவுகோல்தான். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

எண்கள் யார் கண்ணுக்குப் போகும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவு தனி வகை. நிர்வாகத்துக்கு மொத்தக் கணக்கு மட்டும் போகட்டும், ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவின் கணக்கு அதுவும் வேண்டாம். வட்ஸ்அப் குழுவில் பெயரோடு போடும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம்.

நிறை குறையும் என்று சொல்லி ஆள் சேர்க்காதீர்கள். மேலதிக 3,000 அடிக்கு எரிவது 100 கலோரி சொச்சம், சீனி போட்ட பால் தேத்தண்ணியும் ஒரு வடையும் அதைத் திருப்பித் தந்துவிடும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வொன்றில் இரண்டு வருட முடிவில் பட்டி கட்டிய குழு 3.5 கிலோவும், கட்டாத குழு 5.9 கிலோவும் குறைந்திருந்தன. பட்டி கட்டினோம்தானே என்று கூடச் சாப்பிட்டார்களோ தெரியாது! நீங்கள் பார்க்கவேண்டியது தொடக்கத்திலும் 12ஆம் கிழமையும் ஆறாம் மாதமும் எடுக்கும் பிரஷர், இடுப்புச் சுற்றளவு, கிழமைக்கு எத்தனை நாள் இலக்கைத் தொட்டார் என்பது. பிரஷரை ஐந்து நிமிடம் இருத்திவைத்தபின் எடுங்கள், மாடி ஏறி வந்த மூச்சோடு எடுத்த எண்ணுக்குப் பெறுமதியில்லை.

12ஆம் கிழமையில் பட்டியைத் திடீரென்று பறிக்க வேண்டாம். கடைசி இரண்டு கிழமை ஒன்றுவிட்ட நாள் கட்டாமல் நடந்து, தானே மதிப்பிட்டு எழுதி, கட்டிய நாளோடு ஒப்பிடட்டும். பிறகு மூன்று மாதம், மாதத்துக்கு ஒரு போன், ஒரு கிழமை மட்டும் பட்டி இரவல். அடுத்தவருக்குக் கொடுக்குமுன் பழையவரின் கணக்கைப் போனில் இருந்து நீக்கி, பட்டியை முதல்நிலைக்கு மீட்டு, பட்டையைப் புதிதாக மாற்றுங்கள். பட்டையில் சிக்கனம் பார்த்தால் மற்றவரின் வியர்வை மணத்திலேயே இரண்டாம் சுற்று நின்றுவிடும்.