மச்சானின் புத்தகம்

அன்புள்ள ஐயா,

நானும் ஈப்போவில் இருக்கும் என் மச்சானும் புலனத்தில் நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று சதுரங்கம் ஆடுகிறோம். எனக்குக் கறுப்பு. நான் இரண்டு குதிரைகளையும் இறக்கியதும், அவர் தன் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து எஃப்7-ஐக் குறிவைத்தார். டி5-க்குச் சிப்பாயைத் தள்ளினேன், வெட்டிவிட்டார். எல்லாம் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆடுகிறாராம். கூசாமல் சொல்கிறார்! இது மோசடி இல்லையா? அடுத்து நான் குதிரையால் வெட்டலாமா?

குமரன்
பட்டர்வொர்த்

அன்புள்ள குமரன்,

மோசடி இல்லை. புலனத்தில் ஆடினாலும் இது அஞ்சல்வழி ஆட்டம்தான், அதில் புத்தகம் பார்க்கலாம். அது பழைய வழக்கம். உங்கள் மச்சான் ஒளிக்காமல் சொல்கிறாரே, நல்ல மனிதர்தான்.

ஆனால் புத்தகம் இருந்தால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. ஐந்தாவது உலக அஞ்சல்வழிப் போட்டியில் (1965-68) யாகோவ் எஸ்ட்ரின் வெள்ளை, ஹான்ஸ் பெர்லினர் கறுப்பு. நீங்கள் இப்போது நிற்கிற அதே நிலைக்கு அவர்களும் வந்தார்கள். எஸ்ட்ரின், நீங்கள் ஆடும் இந்தத் தொடக்கமான இரு குதிரைத் தற்காப்பைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். தெரிந்தே அவர் வீட்டுக்குள் நுழைந்தார் பெர்லினர். பத்தாவது நகர்த்தலில் தன் குதிரை வெட்டுப்படும் என்று தெரிந்தும் அதைக் காப்பாற்றாமல் சிப்பாயை இ4-க்குத் தள்ளினார். ஒரு காய் குறைவாக ஆடி, கடைசியில் ராஜாவோடு யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் ஆட்டமாக்கி, 42-ஆவது நகர்த்தலில் ஜெயித்தார். அந்தப் போட்டியில் அவர் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை: 12 வெற்றி, 4 டிரா. மேசைமுன் கடிகாரம் ஓடும்போது இப்படி ஒரு தொடக்கத்தைத் தோண்ட யாருக்கு நேரம்? அதற்காகவே எனக்கு இந்த நிதான ஆட்டம் பிடிக்கும்.

கணினி வேறு கதை. அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் உலக அமைப்பான ஐசிசிஎஃப் இன்று அதையும் அனுமதிக்கிறது. மேல்மட்டத்தில் பெரும்பாலும் டிராதான். (பெர்லினரே பிற்காலத்தில் ஹைடெக் என்ற சதுரங்கக் கணினியை உருவாக்கியவர்!) வீட்டு ஆட்டத்தில் அது வேண்டாம் என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரையால் வெட்டலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லமாட்டேன். ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் அடுத்த நகர்த்தலை இன்னொருவரிடம் கேட்பதைத்தான் அந்த அமைப்பின் விதி தடுக்கிறது. மச்சான்மேல் புகார் எழுதிய அதே கடிதத்தில் நீங்கள் செய்திருப்பதும் அதுதான், ஐயா! எஸ்ட்ரின்-பெர்லினர் ஆட்டம் அச்சில் இருக்கிறது. அதைத் தேடிப் படிக்க உங்களுக்குத் தடையில்லை. ஐந்தாவது நகர்த்தலை அனுப்பும்முன் படித்துவிடுங்கள்.