மேற்குப் பார்த்த மனையில் எட்டுக் கடை

கேள்வி: ரோட்டை ஒட்டி 20 சென்ட் மனை இருக்குதுங்க. ரோடு மேற்கே. முகப்பு 60 அடி, ஆழம் 145 அடி. வாடகைக்கு எட்டுக் கடை கட்டலாம் என்றிருக்கிறோம். முன்னால் ஐந்து, பின்னால் மூன்று என்று பிளான் போட்டிருக்கிறார்கள். சரியாக வருமுங்களா?
– வாசகர், சூலூர்

பதில்: அந்த பிளான் வேண்டாம். பின்னால் உள்ள மூன்று கடைகளும் ரோட்டுக்குத் தெரியாது. முன்னால் உள்ள ஐந்தும் மதியத்திலிருந்து வெயிலில் காயும். மார்ச் கடைசியில் மாலை நாலரை மணிக்கே நம் பக்கம் சூரியன் 30 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். மேற்கு முகப்பில் 7 அடி தாழ்வாரம் போட்டாலும் நிழல் கூரையிலிருந்து நாலடிக்குக் கீழே இறங்காது. துணிக்கடையில் சாயம் வெளுக்கும். மற்றவர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வியாபாரம் சூடுபிடிக்கும் நேரமே அதுதான்.

எட்டையும் ஒரே வரிசையாகத் தெற்கு எல்லைப் பக்கம் கொண்டுபோய், வடக்குப் பார்த்துத் திருப்புங்கள். அகலத்தில் பக்க இடைவெளி 5 அடி, கடை 22, தாழ்வாரம் 7, மீதி 26 அடி வண்டிகளுக்கு. வடக்குக் காம்பவுண்டை ஒட்டி 8 அடியில் கார்கள் நீளவாக்கில் நிற்கட்டும், 18 அடி ஓடுபாதை. பாதையின் கடைசி 25 அடியில் எதையும் நிறுத்தவிடாதீர்கள். அங்கேதான் கார் திரும்ப வேண்டும். நீளத்தில் ரோட்டோரம் 25 அடி டூவீலருக்கு, கடைக்கு 12 அடி வீதம் 96, படிக்கட்டு, கழிப்பறை, மீட்டர் அறைக்கு 16, பின்னால் 8. இடைவெளிகளை மட்டும் அனுமதி தரும் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு கோடு போடச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் போவதால், வடக்கிலிருந்து வருகிறவர் உங்கள் மனையை ஒட்டியே வருவார். எட்டுக் கடையின் முகமும் அவர் கண்ணுக்கு நேரே இருக்கும். ஆடிக் காற்றும் தூசியும் மேற்கிலிருந்து வந்தாலும் கடைக்குள் நேராக அடிக்காது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் சாயங்கால வெயில் வடமேற்கிலிருந்து சாய்வாக வரும். தாழ்வாரத்தின் மேற்கு ஓரத்தில் காற்றுப் போக, துளைகள் விட்ட ஜாலிச் சுவர் எழுப்பினால் போதும். ரோட்டோரம் இரண்டு புங்கன் வைத்து, 8 அடி வரை கிளை கழித்துவிடுங்கள், போர்டை மறைக்காது.

ரோட்டுப் பக்க முதல் கடையைப் பேக்கரிக்கு ஒதுக்குங்கள். டீக்குடிக்க நிற்கும் வண்டிகள் ரோட்டோர 25 அடியோடு நின்றுகொள்ளும், நடுவில் வைத்தால் இருபக்கக் கடைக்கும் வழி அடைபடும். எண்ணெய்க் கழிவு தங்க ஒரு தொட்டியும், மொட்டைமாடிக்கு மேல் வரை புகைக்குழாயும் கட்டும்போதே வைத்துவிட வேண்டும். பிறகு உடைத்து வைத்தால் கசிவுதான் மிஞ்சும்.

கேள்வி: எங்கள் காம்ப்ளக்ஸ் தாழ்வாரத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது. கடைக்காரர்கள் ஆளுக்கொரு படி, ஆளுக்கொரு தகர ஷீட் போட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், அவிநாசி

பதில்: தளத்துக்கு வெளிப்பக்கமாக வாட்டம் (சரிவு) இல்லாததே முதல் காரணம். 7 அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும். பழைய டைல்ஸை எடுத்துவிட்டுச் சொரசொரப்பானதைப் பதியுங்கள். பழையதன் மேலேயே ஒட்டினால் தளம் ஏறி, தண்ணீர் ஷட்டருக்குள் போகும்.

ஆளுக்கொரு படியை எடுத்துவிட்டு, தாழ்வாரம் முழுவதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ரோட்டிலிருந்து உயரம் ஒன்றரை அடி என்றால், ஓரத்தில் 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும், அகலம் 4 அடிக்குக் குறையக் கூடாது. 10 அடியில் முடித்தால் சக்கர நாற்காலியைத் தள்ள முடியாது, கேஸ் சிலிண்டர் வண்டியும் ஏறாது.

ஷீட் முளைப்பது போர்டுக்கு இடம் இல்லாததால்தான். தாழ்வார உத்தரத்தில் 3 அடிப் பட்டை ஒதுக்கி, கடைக்கொரு மின்கம்பிக் குழாய் விட்டுவிட்டால் எல்லாப் போர்டும் ஒரே கோட்டில் நிற்கும். ஏசியின் வெளி யூனிட்டைப் பின்சுவருக்குத் தள்ளுங்கள். தாழ்வாரத்தில் மாட்டினால் அனலும் சொட்டுத் தண்ணீரும் வாடிக்கையாளர் தலையில்.

கூரைத் தண்ணீருக்கும் வழி செய்யுங்கள். 2,800 சதுர அடிக் கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 13,000 லிட்டர் இறங்கும். அடியில் பாறை உள்ள இடத்தில் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் வெறும் உறைகுழி சீக்கிரம் நிரம்பிவிடும். வடிகட்டித் தொட்டி வைத்து, வற்றிய போர்வெல்லில் இறக்குங்கள்.

கேள்வி: மாடிக் கடைகள் காலியாகவே கிடக்கின்றன. ஏன்?
– வாசகர், கோபி

பதில்: படிக்கட்டு பின்னால் இருந்தால் யாரும் ஏறமாட்டார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், 5 அடி அகலத்தில், 6 அங்குல உயரப் படிகளாகக் கட்டி இரவில் விளக்கும் போடுங்கள். மாடிக்குத் தையலகம், டியூஷன், ஆடிட்டர் அலுவலகம் பொருந்தும். மளிகை பொருந்தாது.