பிரவுசரை மாற்றினால் வேகம் வருமா?
வாசகர் கேள்வி – பதில்

தேனி வாசகர்: என் லேப்டாப்பில் 4 ஜி.பி. ரேம். எஸ்.எஸ்.டி. இல்லை, பழைய ஹார்டு டிஸ்க்தான். குரோமில் பத்துப் பதினைந்து டேப் திறந்தாலே மவுஸ்கூட நகர மறுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினால் சரியாகுமா?

மாறிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் உங்கள் சிக்கல் அங்கே இல்லை. குரோம் 2018 முதலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021 முதலும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸாக (தனியே ஓடும் நிரலாக) பிரித்து வைக்கின்றன. ஏதோ ஒரு தளத்தின் நிரல், பக்கத்து டேபில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை ரேம். விண்டோஸ் தன் பங்குக்கு ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்ச இடத்தில் பதினைந்து டேபும், பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்களான ஆட்-ஆன்களும் முட்டிமோதுகின்றன. இடம் போதாதபோது விண்டோஸ், ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இந்தப் போக்குவரத்துதான் மவுஸை நிறுத்துகிறது. அடுத்த முறை திணறும்போது கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டினால் எந்த பிரவுசரும் உங்களைக் காப்பாற்றாது.

செலவில்லாமல் செய்யக்கூடியது முதலில். பிரவுசருக்கு உள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. விண்டோஸில் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஷிஃப்ட் + எஸ்கேப். குரோமில் மெமரி என்ற தலைப்பை ஒரு முறை தட்டினால் அதிகம் தின்பது மேலே வந்துவிடும். ‘எக்ஸ்டென்ஷன்’ (ஆட்-ஆனின் இன்னொரு பெயர்) என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். மாதக்கணக்கில் தொடாத ஒரு ஆட்-ஆன் 150, 200 எம்.பி. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள். அடுத்து, குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவரை ‘மேக்ஸிமம்’ அளவில் வையுங்கள். பார்க்காத டேப்களை அது ரேமிலிருந்து இறக்கிவிடும். தட்டினால் மறுபடி லோடாகும். அடிக்கடி போய்வரும் தளம் ஒவ்வொரு முறையும் புதிதாக லோடாகி எரிச்சலூட்டினால், அதே பக்கத்தில் உள்ள ‘எப்போதும் செயலில் வை’ பட்டியலில் சேர்த்துவிடலாம். எட்ஜில் இதன் பெயர் ஸ்லீப்பிங் டேப்ஸ். ஃபயர்ஃபாக்ஸ் ரேம் தீரும் தறுவாயில் தானாகவே டேப்களை இறக்கும். 140ஆம் பதிப்பிலிருந்து டேபின் மேல் ரைட் கிளிக் செய்து நாமே இறக்கவும் முடியும்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஒரு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜி.பி. ரேமும் போடுங்கள். ரேம் வாங்கும் முன் லேப்டாப்பில் உள்ள ரேம் வகை டி.டி.ஆர்.3எல்லா, டி.டி.ஆர்.4ஆ, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குரியது இன்னொன்றில் பொருந்தாது.

ஈரோடு வாசகர்: எது வேகமானது என்று நாமே சோதிக்க வழி உண்டா?

உண்டு. ஸ்பீடோமீட்டர் 3 என்ற சோதனை 2024 மார்ச்சில் வந்தது. ஆப்பிள், கூகுள், மொசில்லா எல்லோரும் சேர்ந்து உருவாக்கியது என்பதால் ஒருதலைப்பட்சம் என்ற பேச்சுக்கு இடம் குறைவு. பிரவுசர் பெஞ்ச் என்ற தளத்தில் கிடைக்கும். எண் கூடுதலாக வந்தால் வேகம் கூடுதல்.

சோதிக்கும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பல வருடம் பழகி, பன்னிரண்டு ஆட்-ஆன் சுமக்கும் குரோமையும் அன்று காலை நிறுவிய ஃபயர்ஃபாக்ஸையும் ஓடவிட்டுத் தீர்ப்பு எழுதினால் அது நியாயமான பந்தயம் இல்லை. இரண்டிலும் புதிய புரொஃபைல் (பழைய செட்டிங்ஸும் ஆட்-ஆனும் ஒட்டாத தனித் தொகுப்பு) உருவாக்குங்கள், ஆட்-ஆன் எதுவும் வேண்டாம். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது பிராசஸர் தன்னைக் குறைத்துக்கொள்ளும். மற்றதையெல்லாம் மூடிவிட்டு ஒவ்வொன்றிலும் மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். நூற்றுக்கு ஐந்து வித்தியாசம் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு உங்கள் பழைய புரொஃபைலில் அதே சோதனையை ஓட்டிப் பாருங்கள். பிரவுசருக்கும் பிரவுசருக்கும் இருந்த இடைவெளியைவிட, ஆட்-ஆன் இல்லாததற்கும் இருப்பதற்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருப்பது சகஜம்.

அந்த இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் எல்லாப் பக்கத்திலும் நுழையும் ஆட்-ஆன்கள்தான்: இலக்கணம் திருத்துபவை, கூப்பன் தேடுபவை, பக்கத்தைக் கறுப்பாக்குபவை. டார்க் ரீடர் நல்ல ஆட்-ஆன்தான். ஆனால் பக்கத்தின் ஒவ்வொரு நிறத்தையும் கணக்கிட்டு மாற்றுவதால், நீளமான பக்கங்களில் இழுக்கும். நீங்கள் குறிப்பிடும் தளங்களில் மட்டும் வேலை செய்யும்படி அதன் செட்டிங்ஸில் மாற்றிவிடலாம்.

நாகர்கோவில் வாசகி: எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி – இவற்றில் எது வேகம்?

மாவு ஒன்று, தட்டுதான் வேறு. நான்கும், குரோமுக்கும் அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டவை. ஓபரா 2013இலும் எட்ஜ் 2020 ஜனவரியிலும் சொந்த இன்ஜினைக் கைவிட்டு இதற்கு வந்தன. பக்கத்தை வரையும் பிளிங்க்கும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8உம் எல்லாவற்றிலும் ஒன்றே. குரோம் ஆட்-ஆன் கடையிலிருந்தே இவற்றுக்கும் எடுத்துப் போடலாம். பிரேவ் மட்டும் கொஞ்சம் முந்துவதுபோல் தெரிந்தால், அது விளம்பரங்களை இறக்காமலே விடுவதால். உண்மையிலேயே வேறு இன்ஜின் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு சஃபாரியின் வெப்கிட்.

திருச்சி வாசகர்: குரோமில் பல வருடமாக வைத்திருந்த விளம்பரத் தடுப்பான் யுபிளாக் ஆரிஜின் ‘இனி ஆதரிக்கப்படாது’ என்று சொல்லி அணைந்துவிட்டது. திரும்பக் கொண்டுவர முடியுமா?

குரோமில் முடியாது. ஆட்-ஆன்கள் பிரவுசரோடு எப்படிப் பேச வேண்டும் என்ற விதித்தொகுப்புக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். அதன் 2ஆம் பதிப்பை குரோம் 2024இல் படிப்படியாக அணைக்கத் தொடங்கியது. நிறுவனக் கணினிகளுக்குத் தந்த அவகாசமும் 2025இல், 139ஆம் பதிப்போடு முடிந்தது.

பழைய முறையில் யுபிளாக், வாசலில் நிற்கும் காவலாள். பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்டு, விடுவதா வேண்டாமா என்று அந்த நொடியில் முடிவு செய்தது. மேனிஃபெஸ்ட் 3இல் காவலாள் ஒரு பெயர்ப்பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். பட்டியலைப் பார்த்து நிறுத்துவது பிரவுசரின் வேலை. பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு: ஒரு ஆட்-ஆனுக்கு 30,000 விதிகள் உறுதி, அதற்கு மேல் மற்ற ஆட்-ஆன்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆட்-ஆன் எல்லாக் கோரிக்கையையும் படிப்பது ஆபத்து, தாமதம் என்பது கூகுளின் வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதி, விளம்பரம் விற்கும் நிறுவனமே விளம்பரத் தடுப்பானுக்கு விதி எழுதுகிறது என்பது.

இப்போது உங்களுக்கு மூன்று வழி. குரோமிலேயே இருக்க வேண்டுமென்றால் யுபிளாக் ஆரிஜின் லைட் போடுங்கள். யுபிளாக் ஆரிஜினை எழுதும் ரேமண்ட் ஹில்தான் இதையும் எழுதுகிறார். ஐகானைத் தட்டினால் வடிகட்டும் அளவு வரும். பேசிக்கில் இருந்தால் ஆப்டிமலுக்கு ஏற்றுங்கள். செய்தி படிப்பது, மெயில் பார்ப்பது போன்றவற்றுக்கு இது போதும், ரேமும் குறைவாகவே பிடிக்கும். குறை என்னவென்றால், அதன் முக்கியத் தடுப்புப் பட்டியல்கள் ஆட்-ஆன் அப்டேட்டாகும்போதுதான் புதுப்பிக்கப்படும். தளங்கள் தினமும் வழி மாற்றி விளையாடும் இடத்தில் லைட் ஓரிரு நாள் பின்தங்கும். இரண்டாவது வழி பிரேவ். அதன் தடுப்பான் ஆட்-ஆன் இல்லை, பிரவுசரின் உறுப்பு. மேனிஃபெஸ்ட் விதி அதைக் கட்டுப்படுத்தாது. மூன்றாவது ஃபயர்ஃபாக்ஸ். அங்கே பழைய காவலாள் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். விளம்பரத் தடுப்பு உங்களுக்கு முக்கியம் என்றால், எங்கள் ஓட்டு இதற்கு.

தேடும்போது பெயரைக் கவனியுங்கள். ‘ஆரிஜின்’ இல்லாத வெறும் ‘யுபிளாக்’ வேறு ஆட்களுடையது. இரண்டு தடுப்பான்களைச் சேர்த்துப் போட்டால் இரட்டிப்புப் பலன் என்று நினைக்காதீர்கள். ஒன்று திறந்துவிட்ட பக்கத்தை மற்றொன்று உடைக்கும். எது உடைத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

காஞ்சிபுரம் வாசகி: ஆட்-ஆன் நிறுவும்போது ‘எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

அந்த வரிக்கு அர்த்தம் அப்படியே அதுதான். நீங்கள் தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டும் அதில் அடக்கம். விளம்பரத் தடுப்பானுக்கு இந்த அனுமதி இல்லாமல் முழு வேலை நடக்காது, கால்குலேட்டருக்கு எதற்கு?

இன்று நல்லதாக இருக்கும் ஆட்-ஆன் நாளை கைமாறலாம் என்பதுதான் பெரிய ஆபத்து. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. டேப்களைத் தூங்கவைத்து ரேமை மிச்சப்படுத்தும், பல லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020இல் அதை எழுதியவர் வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதைக் கடையிலிருந்தே தூக்கியது. அப்டேட் தானாக வருவதால், வைத்திருந்தவர்கள் ஒன்றும் செய்யாமலே மாட்டிக்கொண்டார்கள்.

குரோம், எட்ஜில் மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் அந்த ஆட்-ஆனின் டீடெய்ல்ஸ் தட்டி, சைட் ஆக்சஸ் என்பதை ‘ஆன் கிளிக்’ என்று மாற்றுங்கள். ஐகானைத் தட்டினால்தான் பக்கத்தைத் தொடும். வங்கி வேலையை இன்காக்னிட்டோ சாளரத்தில் செய்வதும் எளிய தற்காப்பு, ஏனென்றால் நீங்களாக அனுமதிக்காத வரை ஆட்-ஆன்கள் அங்கே ஓடாது. குரோமில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என், ஃபயர்ஃபாக்ஸில் என்னுக்குப் பதில் பி. பக்கத்தை பி.டி.எஃப். ஆக்க ஆட்-ஆனே வேண்டாம். கன்ட்ரோல் + பி தட்டி, பிரின்டர் இருக்கும் இடத்தில் ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’ எடுத்தால் போதும்.

மதுரை வாசகர்: யூடியூப் பார்த்தால் பழைய லேப்டாப்பின் விசிறி விமானம்போல் இரைகிறது. பிரவுசர் காரணமா?

வீடியோ எந்த கோடெக்கில் (சுருக்கி அனுப்பி, விரித்துக் காட்டும் முறையில்) வருகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஓடும் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ எடுங்கள். கோடெக்ஸ் வரியில் ஏவி01, விபி09, ஏவிசி1 இவற்றில் ஒன்று இருக்கும். இன்டெல் சிப்களில் ஏவி1ஐ வன்பொருளிலேயே விரிக்கும் வசதி 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. விபி9க்கு முழு வசதி 7ஆம் தலைமுறையில். அதற்கு முந்தைய லேப்டாப்பில் பிராசஸர் தலையால் தண்ணீர் குடித்து அந்த வேலையைச் செய்கிறது. விசிறி இரைவது அதனால்தான்.

ஏவி01 என்று காட்டினால் முதலில் யூடியூப் அக்கவுன்ட் செட்டிங்ஸில் பிளேபேக் பகுதிக்குப் போய், ஏவி1 எப்போதும் வேண்டும் என்று இருப்பதை ‘ஆட்டோ’வாக்குங்கள். விபி09லும் திணறினால் ஃபயர்ஃபாக்ஸில் ‘என்ஹான்ஸ்டு எச்264இஃபை’ என்ற ஆட்-ஆன் இருக்கிறது. மற்ற கோடெக்குகளை மறைத்து, எல்லாச் சிப்பும் அறிந்த எச்.264ஐ (பட்டியலில் ஏவிசி1) யூடியூபிடம் வாங்கித்தரும். 1080க்கு மேல் தரம் கிடைக்காது. அந்தத் திரைக்கு அதுவே அதிகம். பிரவுசர் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் (வேலையை வன்பொருளிடம் விடும் வசதி) அணைந்திருந்தால் இத்தனை செய்தும் பலனில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

சேலம் வாசகர்: மொபைலில் ஆட்-ஆன் போட முடியுமா?

ஆண்ட்ராய்டு குரோமில் வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரில் கதவை முழுதாகத் திறந்தது. யுபிளாக் ஆரிஜின் உட்பட நூற்றுக்கணக்கானவை உள்ளன. ஐபோனில் இந்தியாவில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட். அதனால் வேகத்துக்காக மாற்றுவது வீண். ஆட்-ஆன் வேண்டுமென்றால் சஃபாரியிலேயே இருங்கள், ஐஓஎஸ் 15 முதல் வசதி உண்டு.

விழுப்புரம் வாசகர்: அலுவலகத்தில் ஒரு தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் திறக்கும் என்கிறது. அதுதான் போய்விட்டதே?

2022 ஜூன் 15இல் விடைபெற்றது. இன்ஜின் மட்டும் எட்ஜுக்குள் ஒளிந்திருக்கிறது. எட்ஜ் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதியில், எக்ஸ்ப்ளோரர் மோடில் தளங்களைத் திறக்க ‘அலவ்’ கொடுத்து எட்ஜை மறுபடி தொடங்குங்கள். கீழே வரும் பட்டியலில் முகவரியைச் சேருங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் சேர்த்தால் லாகின் பக்கத்தில் வேலை செய்யாது. எந்தப் பக்கத்தில் தேவையோ அதன் முழு முகவரி வேண்டும். இந்தப் பதிவு 30 நாளில் காலாவதியாகும். போன மாதம் ஓடியது இந்த மாதம் ஓடவில்லையே என்று தலையைச் சொறிவதற்கு இதுதான் காரணம். மறுபடி சேர்த்தால் ஓடும்.

கும்பகோணம் வாசகர்: விண்டோஸ் 7க்கு எந்த பிரவுசர்?

குரோம் 109உடன் நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 115 இ.எஸ்.ஆர். (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) கடைசி. அதில் வங்கிப் பக்கம் மட்டும் திறக்காதீர்கள்.

புதுச்சேரி வாசகி: குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினேன். புக்மார்க் வந்தது, பாஸ்வேர்டு வரவில்லை.

குரோம் 2024இலிருந்து விண்டோஸில் பாஸ்வேர்டுகளை மற்ற நிரல்கள் எளிதில் திறக்க முடியாதபடி பூட்டி வைக்கிறது. திருட்டு நிரலுக்குப் போட்ட பூட்டு ஃபயர்ஃபாக்ஸையும் வெளியே நிறுத்திவிட்டது. குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் செட்டிங்ஸ் போய் எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு சி.எஸ்.வி. கோப்பு கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்து மெனுவில் கோப்பிலிருந்து இம்போர்ட் கொடுத்து அதைக் காட்டுங்கள். இரண்டு மூன்று தளங்களில் லாகின் ஆகிறதா என்று பார்த்ததும் அந்த சி.எஸ்.வி.யை ஷிஃப்ட் + டெலீட்டால் அழித்துவிடுங்கள். நோட்பேடில் திறந்தாலே அத்தனை பாஸ்வேர்டும் பச்சையாகத் தெரியும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கிளவுடில் சேமிக்கும்படி வைத்திருந்தால் அங்கேயும் ஒரு பிரதி இருக்கும். அதையும் அதன் குப்பைத்தொட்டியையும் பாருங்கள்.