கரண்ட் வந்த பிறகு சர்வரை எழுப்புவது: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், முக்கியமாக டர்பன் வட்டாரத்தில், உள்ள சிறு அலுவலகங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை லோட் ஷெடிங்கை, அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டை, சுற்றியவை. சர்வர் அறைகளில் பதினெட்டு ஆண்டு வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த், மருந்துக்கடை: அண்ணா, கரண்ட் போனால் யுபிஎஸ் எங்கள் டெல் சர்வரை முறையாக மூடிவிடுகிறது. கரண்ட் திரும்பியபின் அது தானாக எழுவதில்லை. பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்புத் திரையில்) கரண்ட் வந்தபின் ‘கடைசி நிலை’ என்றுதான் வைத்திருக்கிறேன்.

தம்பி, கோளாறு அந்த அமைப்பில்தான். மின்சாரம் அறுந்த கணத்தில் எப்படி இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பு என்பதுதான் ‘கடைசி நிலை’. உங்கள் சர்வர் மூடப்பட்ட பிறகே மின்சாரம் அறுகிறது. எனவே அது அணைந்தே கிடக்கிறது. ‘எப்போதும் இயங்கு’ என்று மாற்றுங்கள்.

இதோடு முடியவில்லை. சர்வர் மூடிவிட்டது, யுபிஎஸ் பேட்டரியில் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதற்குள் கரண்ட் வந்துவிட்டது என்று வையுங்கள். சர்வரின் வயரில் மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நின்று வந்தால்தானே அதற்கு எழத் தோன்றும்? ஆகவே, சர்வர் மூடியதும் யுபிஎஸ் தன் வெளியீட்டையும் நிறுத்திவிட்டு, கரண்ட் வந்தபின் மறுபடி தரும்படி அதன் மென்பொருளில் அமைக்க வேண்டும். பேட்டரி ஓரளவு ஏறிய பிறகே தரும்படி வைக்க முடிந்தால் கட்டாயம் வையுங்கள். நம் பகுதியில் கரண்ட் வந்ததும் எல்லா வீட்டுக் கீஸரும் அடுப்பும் ஒரே நேரத்தில் இழுக்கும். சில நிமிடங்களில் மறுபடி போய்விடுவது உண்டு. பாதி எழுந்த சர்வர், பேட்டரியும் காலியாக இருக்கும்போது விழுந்தால், கோப்புகள் சிதையும்.

ஃபீனிக்ஸ், கணக்கு அலுவலகம்: ஐயா, பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்கிறது. எவ்வளவு நேரம் பார்ப்பது?

பத்து நிமிடம் கையை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. வீட்டுக் கணினி மாதிரி அல்ல இது. முதலில் விசிறிகள் அறையே அதிரும்படி இரைந்து, பிறகு தணியும். அதன்பின் நினைவகத்தைச் சோதிக்கும். நினைவகம் கூடக் கூட நேரமும் கூடும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் பொறுமையிழந்து பொத்தானை மூன்று முறை அழுத்திப் பிடித்துவிட்டார். மூன்றாவது முறை சர்வர் உண்மையில் எழுந்துகொண்டிருந்தது. தரவுத்தளத்தைச் சரிசெய்ய எனக்கு விடிந்துவிட்டது.

பொத்தானை ஒருமுறை தொட்டு எடுத்தால், இயங்குதளத்துக்கு ‘மூடிக்கொள்’ என்ற வேண்டுகோள் போகும். நான்கைந்து நொடி அழுத்திப் பிடித்தால் கேட்காமலே வெட்டிவிடும். ஹெச்பிஇ சர்வராக இருந்தால் பொத்தானின் விளக்கைப் பாருங்கள்: ஆரஞ்சு என்றால் காத்திருக்கிறது, பச்சை மின்னினால் எழுந்துகொண்டிருக்கிறது, நிலையான பச்சை என்றால் ஓடுகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அண்ணா, தைப்பூசக் காவடி நாளில் கோயிலில் இருப்பேன். அன்று சர்வர் உறைந்துபோனால் அங்கிருந்தே ரீஸ்டார்ட் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். டெல்லில் ஐடிராக், ஹெச்பிஇயில் ஐலோ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி என்று சர்வருக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும், வயரில் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். கைப்பேசியில் விபிஎன் வழியாக, அதாவது அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான பாதை வழியாக, அதற்குள் நுழையுங்கள். முதலில் முறைப்படி மூடச் சொல்லுங்கள். சில நிமிடம் பாருங்கள். அசையவில்லை என்றால் ‘ரீசெட்’. அதற்கும் மசியாவிட்டால் ‘பவர் சைக்கிள்’, அதாவது முழுதாக அணைத்துச் சில நொடி கழித்து எழுப்புவது. கடைசி இரண்டிலும் சேமிக்காத வேலை போய்விடும்.

அந்தக் குட்டிக் கணினியை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லையும் இன்றே மாற்றுங்கள். அதைப் பிடித்தவன் கையில் உங்கள் பவர் பொத்தானே இருக்கிறது.

தொங்காட்: நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் போதாதா?

வீட்டுக் கணினிக்குப் போதும். எழுப்பும் செய்தியை அனுப்பலாம். அணைக்கவோ, எழுந்ததா என்று பார்க்கவோ அதற்கு வழியில்லை. மின்சாரம் முழுதாக அறுந்து வந்தால் சில நெட்வொர்க் கார்டுகள் அந்தச் செய்தியைக் கேட்பதே இல்லை.

லெனேசியா: ஐலோவே உறைந்துவிட்டது. வயரைப் பிடுங்கலாமா?

பொறுங்கள், தம்பி. ஐலோவை மட்டும் தனியாக ரீசெட் செய்யலாம். சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சர்வரை முறைப்படி மூடிவிட்டு, மின்வழங்கி (பவர் சப்ளை) இரண்டு இருந்தால் இரண்டு வயரையும் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது ஊட்டிக்கொண்டேயிருக்கும். திரும்பச் செருகியதும் பொத்தானுக்கு ஓடாமல், ஐலோ எழ ஓரிரு நிமிடம் விடுங்கள்.

டர்பன், பள்ளி அலுவலகம்: நான்கு சர்வர்கள். எதை முதலில் எழுப்புவது?

நெட்வொர்க் சுவிட்ச், பிறகு சேமிப்புப் பெட்டி, பிறகு பெயர்களும் பயனர் அனுமதியும் இருக்கும் சர்வர், கடைசியில் மற்றவை. மூடும்போது இதே வரிசை தலைகீழ். ஒரு தாளில் எழுதி, சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்கின் கதவில் ஒட்டிவிடுங்கள். இருட்டில் டார்ச்சோடு வருபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.