பிரேக்டவுனில் கூட்டம் கலைகிறதா?
டெக்னோ (தாளமே பிரதானமான நடன இசை) கேட்டுப் பழகிய கிளப்பில் டிஜேயாக ஒரு மணி நேரம் பழைய டிரான்ஸ் (மெலடியை மெல்ல ஏற்றிச் செல்லும் நடன இசை) போட வேண்டும், போன முறை பிரேக்டவுன் (தாளம் நின்று இசை அடங்கும் பகுதி) வந்ததும் பாதிப் பேர் மதுபான பார் பக்கம் நகர்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும், வரிசையை மாற்றிப் பாருங்கள். முதல் இருபது நிமிடம் கிக்கும் (டிரம் அடி) பேஸும் (அடித்தள ஒலி) பெரும்பாலும் விடாமல் ஓடும் டிராக்குகள்தான், 1992இல் ஜாம் அண்ட் ஸ்பூன் என்ற ஜெர்மன் இரட்டையர் செய்த 'ஏஜ் ஆஃப் லவ்' ரீமிக்ஸ் மாதிரி. அது டெக்னோ ஆட்களுக்கும் பிடிக்கும். அப்புறம் 138 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி என்ற வேகம்) வரை மெதுவாக ஏறுங்கள். நீளமான பிரேக்டவுன் வந்தால் ஹாட் கியூ (பாட்டில் முன்பே குறித்த இடத்துக்குத் தாவ உதவும் பட்டன்) வைத்து மெலடி தொடங்கும் இடத்துக்குத் தாவிவிடுங்கள், ஆனால் 16 பார் (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) முடிகிற இடத்தில் தாவினால்தான் உறுத்தாது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பிரேக்டவுனை மட்டும் முழுசாக ஓட விடுங்கள், அதில் கை வைக்கவே வேண்டாம், டிரான்ஸின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பழைய மாஸ்டர்களில் (வெளியீட்டுக்கான இறுதிப் பதிவுகளில்) சத்தம் குறைவு, டிரிம்மை (மிக்சரில் பாட்டின் உள்வரும் சத்த அளவை மாற்றும் குமிழை) ஹெட்போனில் கேட்டுச் சரிசெய்த பிறகே ஃபேடரை (கூட்டத்துக்குக் கேட்கும் சத்தத்தை ஏற்றும் நெம்பை) ஏற்றுங்கள்.